ஏழு ஃபேனும் ஓர் ஊதுபத்தியும்

என் டூல்ஸ் பையில் ஸ்க்ரூ டிரைவர்களுக்கு நடுவே ஓர் ஊதுபத்திப் பாக்கெட் இருப்பதை இந்தக் கடையில் வேலை செய்யும் நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். "அக்கா பெட்டிக்குப் பூஜை போட்டுத்தான் டெலிவரி குடுக்கும்" என்று எனக்குப் பின்னால் பேசிச் சிரித்ததும் என் காதுக்கு வந்தது. சிரித்துவிட்டுப் போங்கள். போன மாதம் நான் ஓய்வு பெற்று பெஞ்சை விட்டு இறங்கியபோது அந்தப் பையை இங்கேயே விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன், பாக்கெட்டையும் சேர்த்து. அது எதற்கென்று தெரியாமல் உங்களில் யாராவது தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெருமை பேசுகிறவள். இருபத்தொன்பது வருடம் இதே சிங்காநல்லூர் கடையில் கம்ப்யூட்டர் கட்டியிருக்கிறேன். பில் போட வந்தவள் நான். பெட்டி கட்டுகிற ஆள் ஒருநாள் வராமல் போக, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். பிறகு கீழே வைக்கவே இல்லை. "பொம்பள கட்டுன பெட்டியா" என்று முகம் சுளித்து வாங்கிப்போன ஆள், பத்து வருடம் கழித்து அதே பெட்டியைத் தூசி தட்டக் கொண்டுவந்து, "இன்னும் ஓடுதுங்கக்கா" என்று சொல்வார். டீ சொல்லுவேன். அந்த டீயின் ருசி உங்களுக்குப் போகப்போகத்தான் தெரியும்.

ஆனால் இன்றைக்குச் சொல்ல வந்தது நான் சொதப்பிய கதை. அதையும் பெருமையாகத்தான் சொல்லப்போகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், பங்குனி வெயிலில் ஒருவர் கடைக்கு வந்தார். தாராபுரத்துப் பக்கம் தென்னந்தோப்பு. வெள்ளை வேட்டி, பெரிய மீசை, ஆனால் குரல் மட்டும் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. அவரைத் தோப்புக்காரர் என்றே சொல்கிறேன். பல்லடத்தில் அவர் தங்கை சரசு புது வீடு கட்டியிருந்தார். சித்திரையில் பால் காய்ச்சு. பிறந்த வீட்டுச் சீர் அண்ணன்தானே கொண்டுபோக வேண்டும். சரசுவின் மகள் யாழினிக்குப் பதினான்கு வயது. பட்டுப் பாவாடை, கொலுசு எதுவும் வேண்டாம், கேம் விளையாடுகிற கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று மாமனிடம் போனில் சொல்லிவிட்டாளாம்.

"சொந்தபந்தம் ஒறம்பரை எல்லாம் பாக்கற மாதிரி இருக்கோணுமுங்க. லைட்டு நல்லாத் தெரியோணும். ஊதாக் கலருன்னா புள்ளைக்கு உசுரு" என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி, "ஓடுமுங்களா?" என்று கேட்டார்.

"ஓடாம, பின்ன நடந்தா போகுமுங்க?" என்று நான் கிண்டலடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

முன்பணம் கொடுக்கும்போது மறுபடி கேட்டார், ஓடுமா என்று. ஒரு வாரம் கழித்துப் போனில் கேட்டார். அடுத்த வாரம் நேரில் வந்து பாதி கட்டிய பெட்டியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, அப்போதும் அதையே கேட்டார். நான் வாடிக்கைக்காரர்களின் வழக்கமான பயம் என்று நினைத்துக்கொண்டேன். இங்கே ஒன்றை மனதில் வையுங்கள். ஒரே கேள்வியை ஒருவர் மூன்றாவது தடவை கேட்டால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க அப்படிக் கேக்கறீங்க?" என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது ஃபேன் மேலேயே கண்.

அவர் எடுத்தது இரண்டு பக்கம் கண்ணாடி வைத்த கேஸ். நாம் மீன்தொட்டி என்று சொல்வோமே, அதுதான். உள்ளே இருப்பது அத்தனையும் வெளியே தெரியும். பக்கவாட்டில் மூன்று ஃபேன், மேலே மூன்று, பின்னால் ஒன்று, மொத்தம் ஏழு. ஏழும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். கலர் விளக்கு எரியும் ஆர்ஜிபி ஃபேன் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி என்பது உங்களுக்குத் தெரியும். கலந்து மாட்டினால் ஒன்றில் ஊதா ஊதாவாக இருக்கும், பக்கத்தில் இருப்பதில் ரோஸாக வழியும். கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி ஆகிவிடும். என் பெஞ்சில் இருந்து அப்படி ஒரு பெட்டி வெளியே போனதே இல்லை.

ஃபேனுக்கு இரண்டு பக்கம். முகம் காற்றை இழுக்கும், முதுகு தள்ளும். முகம்தான் அழகு. முதுகில் மோட்டாரைத் தாங்கும் நாலு கம்பியும் ஸ்டிக்கரும் வயரும்தான் இருக்கும். மேலேயும் பின்னாலும் மாட்டும் ஃபேன் சூட்டை வெளியே தள்ள வேண்டியவை. அதனால் அவற்றின் முகம் உள்பக்கம் திரும்பி, கண்ணாடி வழியாக நன்றாகத் தெரியும். பக்கவாட்டு ஃபேன் மூன்றும் வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும். அவற்றைச் சரியாக மாட்டினால் நமக்கு முதுகுதான் தெரியும். இதற்காகத்தான் ரிவர்ஸ் ஃபேன் என்று தனியாக விற்கிறார்கள்; அதில் முகப்பக்கமே காற்றைத் தள்ளும். மூன்று ரிவர்ஸ் ஃபேன் ஆர்டர் போட்டேன். பார்சல் வந்து பிரித்தால் மூன்றும் சாதா ஃபேன். மாற்றிக் கேட்டதற்கு, பால் காய்ச்சு முடிந்து இரண்டு நாள் கழித்து வரும் என்றார்கள். முகூர்த்தம் நமக்காகக் காத்திருக்குமா?

வேறு கம்பெனி ரிவர்ஸ் ஃபேன் கோயம்புத்தூரிலேயே கிடைத்தது. ஊதா சேரவில்லை, திருப்பி அனுப்பிவிட்டேன். சாதா ஃபேனையே முறையாக மாட்டி, முதுகு தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. நூற்றுக்கணக்கான ஒறம்பரை பார்க்கப்போகிற பெட்டி. அதனால் மூன்றையும் திருப்பி, முகம் தெரியும்படி மாட்டினேன். அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஏழு ஃபேனும் காற்றை வெளியே தள்ளும். உள்ளே இழுக்க ஒன்றுகூட இல்லை. எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அடியில் சல்லடை இருக்கிறது, அது வழியாக எப்படியோ காற்று ஏறிக்கொள்ளும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏசி ஓடும் நம் கடையில் ஒரு மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பெட்டி ஊதா வெளிச்சத்தில் நின்ற அழகைப் பார்த்து, கடையில் இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"நீங்களே வந்து ஸ்விட்ச் போட்டுக் குடுக்கோணுமுங்க" என்று தோப்புக்காரர் கேட்டிருந்தார். சீர் வரிசை தாராபுரத்தில் இருந்து நேராக வேனில் போய்விட்டது. அவர் மட்டும் விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு சிங்காநல்லூர் வந்து, என்னையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டார். சூலூர் தாண்டியதும் அவராகவே பேச ஆரம்பித்தார்.

"பதினாறு வருசத்துக்குப் பொறவு என்ற தங்கச்சி ஊட்டுக்குப் போறேனுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"கல்யாணத்துக்குப் புது பைக்கு குடுத்தேன். நானே ராவெல்லாம் துடைச்சு, மாலை போட்டு, ரிப்பன் கட்டி, மண்டபத்து வாசல்ல நிறுத்துனேன். மாப்பிள்ளை ஏறி ஒதைக்கறாரு, ஒதைக்கறாரு, வண்டி கெளம்பல. கடைசில நாலு பேரு தள்ளிட்டுப் போனாங்க. பொண்ணு ஊட்டு வண்டி தள்ளித்தான் ஓடுமாட்ட இருக்குதுன்னு மாப்பிள்ளை ஊட்டுல யாரோ சொல்லிப்போட்டாங்க. எனக்கு ரோசம் வந்து அந்தாள் மேல கைய நீட்டிப்போட்டேன். எனக்கும் மாப்பிள்ளைக்கும் அன்னிக்கு நின்ன பேச்சுங்க. தங்கச்சியும் புள்ளையும் போன்ல பேசறதோட செரி."

"வண்டிக்கு என்ன ஆச்சுங்க?"

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன்னுமில்லீங்க. பெட்ரோல் ஊத்த மறந்துபோட்டேன்."

பின் சீட்டில் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். மாலை போட்டு, ரிப்பன் கட்டி, பெட்ரோல் ஊற்றாத வண்டியைத்தான் நானும் கட்டிக் கொடுத்திருந்தேன். "ஓடுமுங்களா" என்று அந்த மனிதர் எத்தனை தடவை கேட்டார். அப்போதே வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்க வேண்டும். "சரியாயிருமுங்க, போச்சாதுங்க, கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நான் செய்ததிலேயே பெரிய தப்பு அந்த மௌனம்தான்.

பல்லடத்தில் வீட்டுக்குப் பின்னாலேயே கோழிப்பண்ணை. சரசுவின் கணவர் பண்ணைக்காரர். நீளமான மூன்று ஷெட். மேளச் சத்தத்தோடு சீர்த்தட்டுகள் உள்ளே போயின. தேங்காய், பழம், பட்டு, பாத்திரம் என்று வரிசையாகப் போக, கடைசியில் கம்ப்யூட்டரை மணை மேல் பட்டுத் துணி விரித்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஹாலில் மேஜை போட்டு மணையோடு அப்படியே வைத்தார்கள். நான் வயர் கொடுத்து, கேம் ஒன்றைத் தானாக ஓடும்படி போட்டுவிட்டேன். ஊதா வெளிச்சம் புதுச் சுவரெல்லாம் அடித்தது. பால் காய்ச்சிய கையோடு சரசுவும் கணவரும் ஒன்பது மணிக்குள், நல்ல நேரம் முடிவதற்குள், வந்து நின்று சீரை வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை பண்ணைக்காரர் மச்சினன் இருந்த பக்கமே திரும்பவில்லை. "முதல் பந்தியில உக்காருங்கக்கா" என்று என்னைச் சாப்பிட அனுப்பிவிட்டார்கள்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், கம்ப்யூட்டர் கண்ணாடித் தாளுக்குள் இருந்தது. சீர்த்தட்டுக்குச் சுற்றுவோமே, அந்தச் சரசரக்கும் தாள். தோப்புக்காரரின் மனைவிதான் சுற்றியிருக்கிறார். வயருக்கு மட்டும் பின்னால் ஒரு கிழிசல், உச்சியில் பெரிய ரிப்பன் பூ.

"எல்லாத் தட்டும் மினுமினுங்குது, இது மட்டும் மொட்டையா நின்னா நல்லாவாங்க இருக்குது?" என்று அவர் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? நம் ஊரில் சீர் என்றால் அப்படித்தான். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தத் தாளுக்குள் வெளிச்சம் ஆயிரம் துண்டாகச் சிதறி நின்றதைப் பார்த்து, நானே போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்தேன்.

போட்டோ பிடிக்கும்போதுதான் சத்தம் காதில் விழுந்தது. ஏழு ஃபேனும் முழு வேகத்தில் அலறிக்கொண்டிருந்தன. அடியில் இருந்த ஒரே சல்லடையைப் பட்டுத் துணி அடைத்திருந்தது. சுற்றிலும் தாள். காற்று வர வழி இல்லை, வெளியே தள்ள மட்டும் ஏழு பேர். யாழினி தாளின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, சுடுது" என்றாள். நான் ஓடிப்போய்த் தாளைப் பிடித்தேன். அதே நேரத்தில் சரசுவும் கணவரும் மாலையோடு ஹாலுக்குள் வந்தார்கள். பெட்டி தானாக அணைந்தது. ஊதா வெளிச்சம் மொத்தமும் போய், ஹாலில் ட்யூப்லைட் வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது.

ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் நிதானமாகச் சொன்னார். "இதையும் தள்ளித்தான் ஓட்டோணுமாட்ட இருக்குது."

நாலைந்து பேர் சிரித்தார்கள். தோப்புக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் என் அருகே வந்து, எப்போதும் பேசும் அந்தச் சின்னக் குரலில், "அக்கா, கரண்டு சரியில்லைன்னு சொல்லிப்போடுங்க. உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்" என்றார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். விசைத்தறிகள் இழுத்துக் கரண்டு ஏறி இறங்கும் பல்லடத்தில் அதைக் குறை சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? என் பெயர் தப்பித்துவிடும், கடையின் பெயரும் தப்பித்துவிடும், அவர் மானமும் அந்த நிமிஷத்துக்குத் தப்பித்துவிடும். ஆனால் அது புது வீடு. பால் காய்ச்சிய அன்றைக்கே, பிறந்த வீட்டோடு வந்த ஒருத்தி, இந்த வீட்டில் கரண்டு சரியில்லை என்று நாலு பேர் முன்னால் சொன்னால், அதைக் கட்டியவன் மனசு என்னவாகும்? பதினாறு வருடம் இன்னும் பதினாறு வருடமாகும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழி எனக்காகவே சொல்லி வைத்ததுபோல் ஞாபகம் வந்தது.

"கரண்டு நல்லாத்தான் இருக்குதுங்க" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "ஊடும் நல்லா இருக்குது, பொருளும் நல்ல பொருள்தானுங்க. கட்டுனது நான். தப்பு என்னுது."

ஐம்பத்தைந்து வயதில் அத்தனை பேர் முன்னால் அப்படி நின்றது வெட்கமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை என்ற தைரியம் மட்டும் இருந்தது.

பண்ணைக்காரர் கோபப்படவில்லை. மாலையைக் கழற்றிச் சரசுவிடம் கொடுத்துவிட்டு மேஜைக்குப் பக்கத்தில் வந்தார். "என்ன தப்புங்க?" என்று கேட்டார். கேட்ட விதம் விசாரிக்கிற விதம். நம்மில் ஒருவர் இன்னொருவரைக் கேட்பதுபோல் இருந்தது. நான் தாளைக் கிழித்து எடுத்தேன். கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி ஸ்விட்சைப் போட்டேன். வெளிச்சம் வந்தது. எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடுவதற்குள், அவர் ஒவ்வொரு ஃபேனுக்கும் நேராக உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். அப்புறம் சாமி மேடையில் இருந்து எரிகிற ஊதுபத்தி ஒன்றை உருவி எடுத்துக்கொண்டு வந்தார்.

பக்கவாட்டில் காட்டினார். புகை வெளியே அடித்தது. மேலே காட்டினார். வெளியே. பின்னால் காட்டினார். அங்கேயும் வெளியே.

"எல்லாமே வெளிய தள்ளுது. உள்ள வாரதுக்கு வழி எங்கீங்க?" என்றார்.

கோழி வளர்க்கிறவர். கம்ப்யூட்டருக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் இருபத்தாறு வருடச் சர்வீஸை ஒரே ஊதுபத்தியில் சோதித்துவிட்டார்.

"வழி வெக்கலீங்க. மூஞ்சி அழகாத் தெரியோணும்னு திருப்பி மாட்டிப்போட்டேன்" என்றேன்.

அவர் தலையாட்டினார். "எனக்கும் இது ஆயிருக்குதுங்க. புதுசா பெரிய ஃபேனாப் பார்த்து வாங்கி ஷெட்டு முழுக்க வெச்சேன், எதிர்ப் பக்கம் தடுப்பத் தெறக்காம உட்டுப்போட்டேன். ஒரு மத்தியானத்துல அத்தனை கோழியும் போச்சு. இப்ப இத என்ன செய்யலாம்?"

தாளையும் துணியையும் எடுத்துவிட்டாலே அன்றைக்கு ஓடியிருக்கும். அதைச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் பின்னால் மூன்று ஷெட். தீவனத் தூசியும் கோழி இறகும் காற்றில் மிதக்கிற இடம். ஏழு ஃபேனும் வெளியே தள்ளினால், பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு சந்து வழியாகவும் அந்தத் தூசி உள்ளே ஏறும். இன்றைக்குப் பிழைத்து ஆறு மாதத்தில் சாகும். யாழினிக்கு மாமன் கொடுத்த பெட்டியும் அன்றைக்கு அந்தக் கல்யாண பைக் மாதிரியே நின்றுபோகும்.

"மூணையும் திருப்பி மாட்டோணுமுங்க. மாட்டுனா பக்கத்துல இருக்கற தூசி வலை வழியா வடிகட்டி இழுக்கும். ஆனா முதுகுதான் தெரியும், பார்வை குறையும்" என்றேன்.

மணியைப் பார்த்தார். எட்டு முப்பத்தைந்து. "மாட்டுங்க" என்றார்.

பன்னிரண்டு ஸ்க்ரூ. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அன்றைக்கு முதல் ஸ்க்ரூவே கையில் இருந்து நழுவி மேஜைக்கடியில் உருண்டது. சரசு குனிந்து எடுத்துக் கொடுத்தார். வெற்றிலைத் தட்டைக் காலி செய்து, மீதி ஸ்க்ரூக்களை வாங்கிப் பக்கத்திலேயே நின்றார். பண்ணைக்காரர் போன் டார்ச்சை உள்ளே அடித்துக் காட்டினார். சுற்றிலும் பட்டும் மல்லிகையும், எல்லோருடைய மூச்சும் என் கழுத்தில் பட்டது. இரண்டாவது ஃபேனில் இருந்து ஒரு ஸ்க்ரூகூட நழுவவில்லை. இது எந்தப் பெட்டிக்கும் செய்கிற அதே வேலைதான் என்று கைக்குத் தெரிந்துவிட்டது.

தோப்புக்காரர் தூணுக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

மூன்றாவது ஃபேனை மாட்டிக் கண்ணாடியை மூடினேன். ஸ்விட்ச் போட்டேன். மேலேயும் பின்னாலும் ஊதா நன்றாக எரிந்தது. பக்கவாட்டில் கறுப்புக் கம்பிகளுக்குப் பின்னால் இருந்து கொஞ்சமாகக் கசிந்தது. அழகில் பாதி போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். பண்ணைக்காரர் புது ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைக்கப் பார்த்தார். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் ஊதுபத்தி, தீப்பெட்டியை எப்படி உரசுவது? தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்.

"மச்சான், இக்கட்ட வந்து இந்த லைட்டப் புடிங்க."

பதினாறு வருடத்தில் மச்சினனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. சரசு தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். சொன்னவருக்கே தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். ஆனால் திருப்பி எடுக்கவில்லை, போனை நீட்டியபடியே நின்றார். தோப்புக்காரர் தூணை விட்டு நகர்ந்து வந்து அதை வாங்கினார். வெளிச்சத்தைப் பெட்டிக்குள் அடித்தார்.

பண்ணைக்காரர் ஊதுபத்தியைப் பற்றவைத்துப் பக்கவாட்டு வலைக்கு நேராகப் பிடித்தார். புகை ஒரு கணம் தயங்கி, நூல் மாதிரி மெலிந்து, உள்ளே போயிற்று. கண்ணாடிக்குள் டார்ச் வெளிச்சத்தில் அது வளைந்து மேலே ஏறுவதை ஹாலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தோம். மேல் ஃபேன் வழியாக வெளியே வந்தது. யாழினி, "மாமா, பாருங்க, பாருங்க" என்று தோப்புக்காரரின் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். நான் என் வாழ்க்கையில் எத்தனையோ பெட்டி கட்டியிருக்கிறேன். ஒரு பெட்டி மூச்சுவிடுவதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

பண்ணைக்காரர் புகை முழுதாக வெளியேறும் வரை பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து மச்சினனைப் பார்த்தார்.

"இந்த வாட்டி பெட்ரோல் ஊத்திப்போட்டீங்க, மச்சான்" என்றார்.

முதலில் சிரித்தது அந்த ஜன்னல் பக்கத்துப் பெரியவர்தான். தோப்புக்காரர் டார்ச்சை அணைக்கத் தெரியாமல் அப்படியே முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். அழுகிற சத்தம் வெளியே கேட்டது, அவர் அதை மறைக்கவும் இல்லை. ஒன்பது அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சரசுவும் கணவரும் நின்று சீரை வாங்கிக்கொண்டார்கள். நான் டூல்ஸ் பையைக் கட்டினேன். கிளம்பும்போது சரசு ஒரு பாக்கெட் ஊதுபத்தியை வெற்றிலை பாக்கோடு சேர்த்து என் பையில் வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து என் பெஞ்சில் இருந்து போன ஒவ்வொரு பெட்டிக்கும் கடைசிச் சோதனை ஊதுபத்திதான். ஒரு நிமிட வேலை. ஃபேன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அம்புக்குறியைப் பார்த்துக் கண் ஏமாறலாம், ஆசை அதிகமானால் மனசும் ஏமாறலாம். புகைக்கு இந்த இரண்டு வியாதியும் இல்லை. நீங்களும் செய்யுங்கள். கிண்டல் செய்துகொண்டே செய்தாலும் பரவாயில்லை. வெளிச்சம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கே அது இல்லாத பெட்டி பிடிக்காது. காற்று வரும் வழியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகு வெளிச்சத்துக்கு ஆசைப்படுங்கள். தப்பு நடந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். கட்டியவள் நான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆசை இருந்தால், தப்பு நடந்த அன்றைக்கும் அதே வாயால் அதைச் சொல்ல வேண்டும்.

பால் காய்ச்சு முடிந்த இரண்டாம் நாள், சொன்னபடியே ரிவர்ஸ் ஃபேன் மூன்றும் வந்து சேர்ந்தன. ஊதா அப்படியே சேர்ந்தது. நேரில் போய் மாட்டிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று தோப்புக்காரருக்குப் போன் போட்டேன்.

"எங்கீங்க இருக்கறீங்க? தாராபுரத்துலயா?" என்று கேட்டேன்.

"இல்லீங்கக்கா, இன்னும் பல்லடத்துலதானுங்க" என்றார். முதல் முறையாக அவர் குரல் எனக்குச் சத்தமாகக் கேட்டது. பின்னால் கோழிகளின் இரைச்சல். "மாப்பிள்ளை உட மாட்டேங்கறாரு. ஷெட்டுல தீனி போட்டுட்டு இருக்கறோம்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ கேட்டார். இரண்டு பேர் பேசிச் சிரிப்பது கேட்டது.

"முதுகே தெரியட்டுமுங்களாம்க்கா. மாத்த வேண்டாம்ங்கறாரு."

அந்த மூன்று ஃபேனும் பிரிக்காத டப்பாவில் பெஞ்சுக்கு அடியில், இரண்டாம் தட்டில் இருக்கின்றன. ஊதா வேண்டும் என்று கேட்டு யாராவது வந்தால் எடுத்து மாட்டுங்கள். ஊதுபத்தி பையிலேயே இருக்கிறது.